வீட்டுச் சுவரில் ஒரு ரயில் பலகை: குமரி மாவட்டத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு திங்கள்சந்தைப் பக்கம். இரணியல் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் 10 நிமிடம். மகள் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறாள். சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிறாள். காலையில் இட்லித் தட்டைத் துடைத்தபடியே அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "மக்களே, இப்போது இறங்கினால் வண்டி கிடைக்குமா?" பதில் சொல்ல ஆளுக்கொரு கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு நாள், வண்டி 25 நிமிடம் தாமதம் என்று ஒரு செயலி காட்டியதை நம்பி மகள் நிதானமாகக் கிளம்பினாள். வண்டி நேரத்துக்கே வந்து போயிருந்தது. அன்று மாலையே, எப்போது கிளம்ப வேண்டும் என்று காட்டும் ரயில் பலகை ஒன்றைச் செய்து சுவரில் மாட்ட, பழைய மானிட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன்.

அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன். ஸ்டேஷனில் இருக்கும் பலகையின் சிறிய நகல் வீட்டுக்குத் தேவையில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு வண்டி எப்போது வரும் என்று தெரிந்தால் போதும். வீட்டில் இருப்பவருக்கு எப்போது படி இறங்க வேண்டும் என்று தெரிய வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இரண்டாவது கேள்விக்கானது.

முதல் படி: எந்த ஸ்டேஷன், எந்தத் திசை

கருவி வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டார் கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்த ஸ்டேஷனிலிருந்து எங்கே போனார்கள் என்று எழுதுங்கள். நம் மாவட்டத்தில் இதைச் செய்யாமல் தொடங்கினால் பாதி வண்டிகள் விட்டுப்போகும்.

காரணம் பாதையின் அமைப்பு. நாகர்கோவில் ஜங்ஷனில் மூன்று பாதைகள் சேர்கின்றன: ஒன்று திருவனந்தபுரத்துக்கு, ஒன்று திருநெல்வேலிக்கு, ஒன்று கன்னியாகுமரிக்கு. திருவனந்தபுரம் – கன்னியாகுமரிப் பாதை 1979இல் திறக்கப்பட்டது. திருநெல்வேலிப் பாதை 1981இல் வந்து சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் போகும் சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் நுழையாமல் நாகர்கோவில் டவுன் வழியாகவே போய்விடும். ஜங்ஷனை மட்டும் பலகையில் வைத்திருப்பவருக்கு அந்த வண்டிகள் ஓடுவதே தெரியாது. ஆகவே நாகர்கோவில்காரர்கள் ஜங்ஷன், டவுன் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

இரணியல், குழித்துறை, பள்ளியாடிப் பக்கத்து வீடுகளுக்கு வேறொரு சிக்கல். சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டுமானால் நாகர்கோவில் ஜங்ஷனுக்குத்தான் போயாக வேண்டும். அது நம் பக்கம் வருவதே இல்லை. எனவே எங்கள் பலகையில் மேலே இரணியல், கீழே ஜங்ஷன். இரண்டுக்கும் பயண நேரம் வேறு வேறு.

பிறகு அந்தப் பயண நேரத்தை அளக்க வேண்டும். மனக்கணக்கு வேண்டாம், ஒரு வேலை நாளில் போய் அளந்து பாருங்கள். எங்களுக்கு ஸ்கூட்டர் 10 நிமிடம், வண்டியை நிறுத்திவிட்டு பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர 8 நிமிடம், ஆக 18. குளச்சலில் சித்தி வீட்டுக்கும் ஒரு பலகை செய்துகொடுத்தேன். அவர்கள் பஸ்ஸில் வருபவர்கள், அதனால் அங்கே 50 என்று வைத்தோம். மழைக்காலத்தில் இரண்டிலும் 5 நிமிடம் கூடும்.

இரண்டாம் படி: அட்டவணையை உங்கள் கையாலேயே எழுதுங்கள்

பலர் நேரடித் தகவலில் தொடங்குகிறார்கள். நான் அட்டவணையில் தொடங்கச் சொல்கிறேன். இணையம் போனாலும் மின்சாரம் விட்டு விட்டு வந்தாலும் பலகையில் நிற்கப்போவது அட்டவணைதான்.

உங்களுக்குத் தேவையான வண்டிகள் 10 முதல் 20 வரைதான் இருக்கும். ரயில்வேயின் விசாரணைத் தளத்தில் ஒவ்வொரு வண்டியின் அட்டவணையையும் திறந்து, ஒரு விரிதாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு வரியில் இருக்க வேண்டியவை: வண்டி எண், வீட்டில் நீங்கள் சொல்லும் பெயர், போகும் ஊர், உங்கள் ஸ்டேஷனில் புறப்படும் நேரம், ஓடும் கிழமைகள், நாள் எண் (வண்டி தொடங்கியதிலிருந்து எத்தனையாவது நாளில் உங்கள் ஸ்டேஷனுக்கு வருகிறது என்பது), அந்த நேரம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லுபடியாகும் என்பது. முடிந்ததும் சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக்கோப்பு) சேமித்துவிடுங்கள்.

வீட்டில் சொல்லும் பெயர் என்றது காரணத்தோடுதான். 16650 என்று பலகை காட்டினால் அம்மாவுக்கு விளங்காது. "பரசுராம் – மங்களூரு" என்றால் கேட்காமலே விளங்கும். "ஐலண்ட்", "குருவாயூர்", "அனந்தபுரி" என்று நாம் வாயால் சொல்வதையே எழுதுங்கள்.

நாள் எண்ணில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். திப்ருகர் – கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, புறப்பட்ட நான்காம் நாள்தான் நம் மாவட்டத்துக்குள் வரும். சனிக்கிழமை அங்கே கிளம்பிய வண்டி செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலுக்கு வரும். "ஓடும் நாள்: சனி" என்பதை அப்படியே எழுதிவிட்டால் உங்கள் பலகை மூன்று நாள் முன்னதாக அதைக் காட்டும். நேரடித் தகவல் கேட்கும்போதும் வண்டி தொடங்கிய தேதியைத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே இங்கே வரும் கிழமையிலிருந்து நாள் எண்ணில் ஒன்று குறைத்துக் கழித்தால் தொடங்கிய நாள் கிடைக்கும்: நான்காம் நாள் என்றால் மூன்றைக் கழியுங்கள். நள்ளிரவை ஒட்டி வரும் வண்டிகளுக்கும் இதே கணக்கு.

'எந்தத் தேதி வரை' என்ற நெடுவரிசையை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். கொங்கண் பாதை வழியே போகும் வண்டிகளுக்கு, நாகர்கோவில் – காந்திதாம் வண்டி போன்றவற்றுக்கு, மழைக்காலத்தில் தனி அட்டவணை உண்டு. ஒரே வண்டிக்கு இரண்டு வரிகள் எழுதித் தேதியால் பிரித்துவிடுங்கள். எண்களும் மாறும். சிறப்பு ரயில் கணக்கில் 0 என்று தொடங்கும் எண்ணோடு ஓடிய பாசஞ்சர் வண்டிகள் 2025 ஜனவரி 1 முதல் வழக்கமான எண்களுக்குத் திரும்பின; புதிய அட்டவணையும் அன்றே நடைமுறைக்கு வந்தது. பழைய எண் கோப்பில் கிடந்தால் பலகை எந்தப் பிழையும் சொல்லாது. அந்த வண்டிக்கு நேரடித் தகவல் மட்டும் வராது.

மூன்றாம் படி: நேரடித் தகவல், அதை எவ்வளவு நம்புவது

பிரிட்டனில் இத்தகைய வீட்டுப் பலகைகள் நிறையச் செய்கிறார்கள். அங்கே டார்வின் என்ற நேரடித் தரவு ஊட்டத்தை நேஷனல் ரெயில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. பதிவு செய்து சாவி வாங்கினால் போதும். அவர்கள் எழுதிய நிரல்களை எடுத்து இங்கே ஓட்டப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். நம்மிடம் இருப்பது என்.டி.இ.எஸ். என்ற தேசிய ரயில் விசாரணை அமைப்பு. ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் நடத்துவது. அதன் தளத்திலும் செயலியிலும் ஒரு ஸ்டேஷனுக்கு அடுத்த 2 மணி, 4 மணி, 8 மணி நேரத்தில் வரும் வண்டிகளைப் பார்க்கலாம். ஆனால் தனியார் நிரல் இணைந்துகொள்வதற்கான திறந்த வாசல் அதில் இல்லை. ஒரு நிரலை வைத்து அந்தத் தளத்தை நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டிருப்பது முறையல்ல. அது எல்லோருக்கும் பொதுவான சேவை.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. எளியது, பலகையில் அட்டவணை மட்டும். சந்தேகம் வந்தால் கைபேசியில் என்.டி.இ.எஸ். பார்ப்பது அல்லது 139ஐ அழைப்பது. தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டுக்கு இதையே பரிந்துரைக்கிறேன்; கெட்டுப்போக இதில் எதுவும் இல்லை. மற்றது, ரயில் தகவலை ஏ.பி.ஐ. ஆக (நிரல் நேரடியாகக் கேட்டுப் பெறும் வாசலாக) விற்கும் தனியார் சேவையில் சந்தா சேர்வது. இலவசத் திட்டம் என்றால் மாதத்துக்கு இத்தனை அழைப்புகள் என்று வரம்பு இருக்கும்.

அந்த வரம்புக்குள் நிற்பதற்கு ஒரு கணக்கு. மாதம் 500 அழைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 16. காலையில் 2 வண்டி, மாலையில் 2 வண்டி, ஒவ்வொன்றுக்கும் 4 முறை, 16 தீர்ந்தது. வண்டி வருவதற்கு 90 நிமிடம் இருக்கும்போது முதல் அழைப்பு, பிறகு 60, 40, 25. மற்ற நேரத்தில் பலகை அட்டவணையை மட்டும் காட்டட்டும். கேட்ட பதிலை நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். திரையில் "6:20 நிலவரம்" என்று சிறிதாகத் தெரியட்டும். தகவல் 30 நிமிடத்துக்கு மேல் பழையதானால் அந்த வரியின் நிறம் சாம்பலாக மாறட்டும். பழைய தகவல் புதியதைப் போல நின்றுகொண்டிருப்பதுதான் ஆபத்து.

இனி, தாமதத்தை என்ன செய்வது என்ற கேள்வி. மகள் வண்டியை விட்டது இங்கேதான். வண்டியின் தாமதம் ஏறியும் இறங்கியும் வரும். பெரிய ஸ்டேஷன்களுக்கு முன்னால் அட்டவணையிலேயே சில நிமிடங்கள் கூடுதலாக வைத்திருப்பார்கள். தாமதமாக வந்த வண்டி அதில் நேரத்தை மீட்டுக்கொள்ளும். திருநெல்வேலியில் 25 நிமிடம் பிந்திய வண்டி நாகர்கோவிலில் சரியான நேரத்துக்கு நிற்கலாம். மாறாக, ஒற்றைப்பாதை இருக்கும் இடங்களில் கிராசிங்குக்காக, அதாவது எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, ஒதுங்கினால் சரியாக வந்த வண்டியும் பிந்தும். வண்டி முன்னதாக வந்தாலும் குறித்த நேரத்துக்கு முன்பு புறப்படாது என்பது மட்டும் உறுதி. அதனால் 'புறப்படும் நேரம்' அட்டவணை நேரத்துக்கு முன்னால் போகவே கூடாது என்று நிரலில் எழுதிவிடுங்கள்.

எங்கள் பலகையின் விதி இது. 20 நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைக் கிளம்பும் நேரத்தில் சேர்ப்பதே இல்லை. அதற்கு மேல் போனால் பாதியை மட்டும் சேர்க்கிறோம். கணக்குக்காக 7:10 வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணம் 18 நிமிடம், ஆகவே கிளம்ப வேண்டியது 6:52. வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்றால், பலகை வருகையை 8:10 என்றும் கிளம்பும் நேரத்தை 7:22 என்றும் காட்டும். பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். வண்டியை விடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

மாலையில் இதே பலகை வேறு வேலை செய்கிறது. 4 மணிக்குப் பிறகு, திருவனந்தபுரத்திலிருந்து வரும் வண்டிகள் மேலே ஏறிவிடும். மகளை அழைத்துவர நான் எப்போது கிளம்ப வேண்டும் என்று காட்டும். இங்கே தாமதத்தை முழுவதுமாகச் சேர்க்கலாம். கணக்குப் பிசகினால் அவள் ஸ்டேஷனில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். வண்டி பாறசாலையைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் நான் செருப்பை மாட்டுகிறேன்.

பிளாட்பார எண்ணைப் பலகையில் போடாதீர்கள். கடைசி நேரத்தில் மாறக்கூடியது; ஸ்டேஷன் அறிவிப்பே அதற்கு அதிகாரம்.

நான்காம் படி: கருவிகள்

பழைய மானிட்டரோ டிவியோ வீட்டில் இருந்தால் அதையே எடுங்கள். முதியவர்களின் கண்ணுக்கு 19 அங்குலம் வசதி. அதற்கு ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி (இனி 'பை') 3 அல்லது 4 பொருத்தமானது. பை ஜீரோ 2 டபிள்யூ விலை குறைவு என்று வாங்கத் தோன்றும். ஆனால் அதில் நினைவகம் 512 எம்.பி. மட்டுமே, குரோமியம் உலாவி அதில் மூச்சுவாங்கும். கேபிள் வாங்கும்போது கவனம்: பை 3இல் சாதாரண எச்.டி.எம்.ஐ., ஜீரோவில் மினி, 4இல் மைக்ரோ. பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால் ஒரு மாற்றியும் வேண்டும். 20 வாட் இழுக்கும் மானிட்டர் நாள் முழுக்க எரிந்தால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும். இரவு 10 மணி முதல் காலை 4:30 வரை திரையை அணைத்துவிடுங்கள்.

மின்தாள் திரை எனக்கு மிகவும் பிடித்தது. 7.5 அங்குலத் திரை, 800க்கு 480 புள்ளிகள், ஒளி வீசாது, செய்தித்தாள் போல இருக்கும். ஜீரோ 2 டபிள்யூ இதற்குப் போதும். ஆனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சில நொடிகள் கறுப்பும் வெள்ளையுமாக மின்னும். 3 நிமிடத்துக்குள் மீண்டும் புதுப்பிக்கக் கூடாது. எனவே அதில் ஓடும் கடிகாரத்தையோ "இன்னும் இத்தனை நிமிடம்" என்பதையோ காட்ட முடியாது. "6:52க்குக் கிளம்பவும்" என்று நேரத்தைத்தான் எழுத வேண்டும்.

பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டுவதும் ஒரு வழி. எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பிவிடக்கூடும். நாளுக்கு இரண்டு முறை மட்டும் மின்சாரம் விடும் டைமர் பிளக்கில் மாட்டுங்கள்.

ஐந்தாம் படி: திரையில் தமிழ்

பைத்தானில் எழுதிய ஒரு சிறு நிரல் நிமிடத்துக்கு ஒரு முறை சி.எஸ்.வி. கோப்பைப் படித்து, அடுத்த 4 வண்டிகளைத் தேர்ந்து, ஒரு வலைப்பக்கத்தை எழுதும். குரோமியம் கியோஸ்க் முறையில் அந்தப் பக்கத்தை முழுத்திரையில் காட்டும். பக்கத்தில் மிகப் பெரிய எழுத்து, கிளம்ப மீதமுள்ள நிமிடத்துக்கு. வண்டிப் பெயர் அதில் பாதி. அட்டவணை நேரம் அதிலும் சிறிது. 4 வரிக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது வரியை யாரும் பார்ப்பதில்லை.

உலாவியில் தமிழ் தானாகச் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். மின்தாளில்தான் சோதனை. சித்தி வீட்டு மின்தாள் பலகையில் முதல் நாள் "கொல்லம்" என்று எழுதச் சொன்னேன். 'க' முதலில் வந்து நின்றது. கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது. கணினி சேமித்துவைக்கும் வரிசையில் ககரம் முன், ஒகரக்குறி பின். அதை வரையும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது தனி வேலை. பைத்தானில் படம் வரையும் பில்லோ தொகுப்பு, ராக்ம் என்ற துணைத்தொகுப்பு இருந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். அதை நிறுவி மீண்டும் ஓட்டினேன். கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து அமர்ந்தது. ஈ.எஸ்.பி. 32 போன்ற சிறு சில்லுகளில் இது எளிதில் நடக்காது. அதற்கு ஊர்ப்பெயர்களைக் கணினியில் படமாகச் செய்து ஏற்றிவிடுங்கள். கொல்லம், கோயம்புத்தூர், பெங்களூரு, கொச்சுவேளி ஆகிய நான்கும் சரியாக வந்தால் மற்றவை வந்துவிடும்.

தரவு ஊட்டத்தில் ஊர்ப்பெயர் ஆங்கிலப் பேரெழுத்தில் வரும். அதை எழுத்துப்பெயர்ப்பு செய்ய முயலாமல், எண்ணை வைத்து உங்கள் கோப்பிலுள்ள தமிழ்ப் பெயரை எடுங்கள்.

ஆறாம் படி: மின்தடையும் கடிகாரமும்

காற்றும் மழையும் சேர்ந்தால் நம் பக்கம் மின்சாரம் போகாத நாள் இல்லை. ராஸ்ப்பெரி பை 3, 4, ஜீரோ எதிலும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். மின்சாரம் வந்து, ரூட்டர் இன்னும் எழாமல் இருந்தால், அணைந்த நேரத்திலிருந்தே கடிகாரத்தைத் தொடரும். ஒரு விடியற்காலையில் எங்கள் பலகை முந்தைய நாள் மாலை வண்டிகளை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

தீர்வு, டி.எஸ். 3231 என்ற கடிகாரச் சில்லு. நான்கு கம்பிகள் போதும்: பையின் 1ஆம் பின்னில் (இணைப்பு ஊசியில்) 3.3 வோல்ட், 3இல் தரவுக் கம்பி (எஸ்.டி.ஏ.), 5இல் துடிப்புக் கம்பி (எஸ்.சி.எல்.), 6இல் தரை. 5 வோல்ட்டில் இணைக்காதீர்கள்; பையின் பின்கள் அதைத் தாங்காது. அத்துடன் நிரலில் ஒரு காவல் வையுங்கள்: நேரம் சரிபார்க்கப்படாதவரை, பலகை வண்டிகளுக்குப் பதிலாக "நேரம் தெரியவில்லை" என்று மட்டும் காட்டட்டும்.

திடீரென்று மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடும். பையின் அமைப்புப் பட்டியலில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. ஆனால் அதன் பிறகு நீங்கள் அட்டவணையில் செய்யும் திருத்தமும் அடுத்த முறை இயக்கும்போது மறைந்துவிடும். கடைசியாகக் குறித்த நேரமும் தங்காது, ஆகவே கடிகாரச் சில்லு இன்னும் கட்டாயமாகிறது. அட்டவணைக் கோப்பை ஒரு சிறு பென் டிரைவில் வைத்துவிடுங்கள். ரூட்டரையும் பையையும் ஒரே இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுங்கள்.

ஏழாம் படி: மாட்டும் இடம்

வாசலுக்குப் போகும் வழியில், அடுக்களையிலிருந்தும் தெரியும்படி. அடுப்புக்கு அருகில் வேண்டாம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உப்புக்காற்று. சித்தி வீட்டில் ஜன்னலோரம் திறந்தபடி மாட்டிய பையின் பின்களில் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை படிந்துவிட்டது. கம்பிகளைச் செருகி விடாமல் ஈயப்பற்று வைத்து, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று வைத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

மாட்டியபின் முதல் இரண்டு வாரம் பலகையை நம்பிக் கிளம்பாதீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பலகை சொன்ன நேரம், வண்டி உண்மையில் வந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். எங்கள் நோட்டுக்கு மகள் ஸ்டேஷனிலிருந்தே செய்தி அனுப்புவாள், அம்மா எழுதுவாள். பாதித் தாமதம் என்ற விதி அந்த நோட்டிலிருந்து வந்ததுதான். உங்கள் ஸ்டேஷனுக்கு வேறு எண்கள் வரும். அட்டவணை மாறும் ஜனவரியில் அந்த நோட்டை மீண்டும் ஒரு வாரம் எழுதுங்கள்.